அத்தியாயம் 9: கியர் ஆயில் கூலர் - கோளாறைக் கண்டுபிடிப்பதும் பாதுகாப்புப் புகார் கொடுப்பதும்

அமெரிக்காவில் பழைய எஸ்.யு.வி. வாங்கப் போகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், பிரேக்கை மிதித்துப் பார்ப்பார்கள், வண்டிக்கு அடியில் துருவைத் தேடுவார்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் மட்டும் யார் கண்ணிலும் படாது. பல வண்டிகளில் அது ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருப்பதுதான் காரணம். அது விரிசல் விட்டால் வண்டி நெடுஞ்சாலையில் இழுவையை இழக்கலாம். வெளியே ஓடும் அதன் குழாய் கழன்றால் தீப்பிடிக்கவும் செய்யலாம்.

அந்தக் கூலரை வீட்டு வாசலிலேயே சோதிப்பது எப்படி, கோளாறு தெரிந்தால் என்ன செய்வது, அரசுக்குப் புகார் எழுதுவது எப்படி என்பதே இந்த அத்தியாயம். கருவி அதிகம் தேவையில்லை. ஒரு டார்ச், வெள்ளை பேப்பர் டவல், கையுறை, கைபேசி கேமரா போதும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "என் பணம் போச்சு" என்பது ஒரு புகார். "என் வண்டி சாலையில் ஆபத்தை உண்டாக்கியது" என்பது வேறொரு புகார். இரண்டும் போய்ச் சேரும் இடமும் வேறு, எழுதும் முறையும் வேறு. பெரும்பாலானோர் இரண்டையும் ஒரே தாளில் கலந்து எழுதி அனுப்புகிறார்கள்.

தேவையான அளவுக்குத் தொழில்நுட்பம்

ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது ஆயில் நிரம்பிய டார்க் கன்வெர்ட்டர். அதற்குள் ஆயில் கடையப்படும்போது சூடு பிறக்கிறது. சாதாரண ஓட்டத்தில் கியர் ஆயில் சுமார் 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருக்கும். மலையேற்றமும் டிரெய்லரும் கோடை டிராஃபிக்கும் சேர்ந்தால் அதற்கும் மேலே போகும். எனவே ஆயில் இரண்டு குழாய்கள் வழியாக முன்பக்கம் வந்து, கூலருக்குள் புகுந்து, ஆறித் திரும்புகிறது. ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் கூலரில் உள்ளே ஓடுவது கியர் ஆயில், அதைச் சுற்றி நிற்பது எஞ்சின் கூலண்ட். இரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர்தான்.

கோளாறு மூன்று விதமாக வரும்.

உட்கசிவு: அந்தச் சுவர் விரிசல் விட்டால் கூலண்ட் கியர்பாக்ஸுக்குள் போகும். கிளச் தட்டுகளின் உராய்வுப் பூச்சு காகிதம் போன்ற பொருளால் ஆனது, பசையால் ஒட்டப்பட்டது. கூலண்ட்டில் உள்ள தண்ணீரும் கிளைக்காலும் பட்டால் ஊறி உரிந்துவிடும்.

வெளிக்கசிவு: கூலர் குழாயோ அதன் இணைப்போ கழன்றால் சூடான ஆயில் எக்ஸாஸ்ட் குழாய் மேல் தெறிக்கும். தீ அபாயம் இங்கேதான்.

போதாத ஓட்டம்: கசிவே இல்லாமல், தேவையான இடத்துக்குத் தேவையான ஆயில் போகாமல் உள்ளே சூடேறுவது.

மூன்றுக்கும் பதிவான உதாரணம் உண்டு. 2004 ஏப்ரலில் ஹோண்டா தன் ஒடிஸி, பைலட், வி6 அக்கார்ட், சில அக்யூரா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இரண்டாம் கியரில் சூடு சேர்ந்து பல் உடைந்து, ஓடும் வண்டியில் கியர்பாக்ஸ் இறுகிக்கொள்ளலாம் என்பது காரணம். 15,000 மைலுக்குள் ஓடிய வண்டிகளில், அந்தக் கியருக்குக் கூடுதல் ஆயில் கிடைக்கும்படி கூலரிலிருந்து திரும்பும் குழாயில் சிறு மாற்றம் செய்தார்கள். அதற்கு மேல் ஓடியவற்றில் முதலில் கியரைப் பார்த்தார்கள். சூட்டில் நிறம் மாறியிருந்தால் கியர்பாக்ஸையே மாற்றினார்கள். 2014 மார்ச்சில் ஜி.எம். சுமார் 4,90,000 பிக்கப்களையும் எஸ்.யு.வி.களையும் அழைத்தது. கூலர் குழாய் இணைப்பில் சரியாக உட்காராமல் கழன்று தீப்பிடிக்கலாம் என்பது காரணம்.

உட்கசிவுக்குப் பேர்போனவை 2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, ஃபிரான்டியர். ரேடியேட்டருக்குள் கூலர் விரிசல் விட்டு, கூலண்ட் கலந்து, கியர்பாக்ஸ் கெட்டது. உரிமையாளர்கள் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். ஆனால் அதற்குக் கிடைத்தது ரீகால் அல்ல. 2010-இல் நிறுவனம் ரேடியேட்டருக்கான வாரண்டியை 8 ஆண்டு அல்லது 80,000 மைல் என்று நீட்டித்தது. பிறகு நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் நடந்த கூட்டு வழக்கின் சமரசத்தில் அது 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் ஆனது. நீட்டித்த அந்தப் பகுதியில் 2,500 அல்லது 3,000 டாலர் வரை உரிமையாளரே கட்ட வேண்டும் என்று நிபந்தனை. அந்தக் கெடுவும் இப்போது எல்லா வண்டிக்கும் முடிந்துவிட்டது. ரேடியேட்டர் மாற்றாத வண்டிகள் மட்டும் இன்றும் விளம்பரங்களில் மலிவாகக் கிடைக்கின்றன.

ரீகால் என்றால் நிறுவனம் எல்லோருக்கும் கடிதம் அனுப்பி இலவசமாகச் சரிசெய்தே ஆகவேண்டும். வாரண்டி நீட்டிப்பு என்றால் கெட்ட பிறகுதான் பேச்சு. இந்த வித்தியாசத்தால்தான் பாதுகாப்புப் புகாரை ஒழுங்காக எழுதச் சொல்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

- சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் கூலண்ட் 120 டிகிரியிலும் கொதிக்காமல் நிற்கும். மூடி தளர்ந்த நொடியில் பீறிட்டு முகத்தில் அடிக்கும். எஞ்சினை அணைத்துவிட்டுக் குறைந்தது இரண்டு மணி நேரம் காத்திருங்கள். காலையில், வண்டி கிளம்பும் முன் பார்ப்பது இன்னும் நல்லது.
- கூலண்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம், ஆனால் இனிக்கும். குழந்தையோ நாயோ நக்கிவிட வாய்ப்புண்டு. சிந்தியதை உடனே துடையுங்கள். எடுத்ததை மூடியுள்ள டப்பாவில் ஊற்றி வையுங்கள்.
- வண்டிக்கு அடியில் போக வேண்டுமென்றால் ஜாக் ஸ்டாண்ட் வேண்டும். வண்டியோடு வரும் ஜாக்கை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடாதீர்கள்.
- பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக்கும் இழுத்து, ஒரு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

சோதனை, படிப்படியாக

1. வண்டி நின்றிருந்த தரையைப் பாருங்கள். முன்பக்கம் சிவப்பாக, விரலில் வழுக்கும் துளி இருந்தால் கியர் ஆயிலாக இருக்கலாம். இரவே ஒரு அட்டையை அடியில் விரித்து வைத்தால் காலையில் எந்த இடத்தில் கசிவு என்பது தெளிவாகத் தெரியும்.

2. எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும்போது கூலண்ட் ரிசர்வ் டப்பாவை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா? சுவரில் பழுப்பு வழவழப்பு ஒட்டியிருக்கிறதா?

3. ரேடியேட்டருக்கு மூடி இருந்தால் திறந்து, உள்விளிம்பைப் பேப்பர் டவலால் துடையுங்கள். கூலண்ட் பேப்பரில் பரவிக் காய்ந்துவிடும். எண்ணெய் இருந்தால் பிசுபிசுப்பான வளையம் தங்கும்.

4. அடுத்து கியர் ஆயில் டிப்ஸ்டிக். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் சூடாகி, பார்க்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். சிலவற்றில் அப்படி அல்ல. ஓனர்ஸ் மேனுவல் சொல்வதே சட்டம். மேலே சொன்ன நிஸான்களில் டிப்ஸ்டிக் 10 மி.மீ. போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும், சாதாரணமாக இழுத்தால் வராது. புதிய வண்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. அதற்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

5. குச்சியில் வந்த ஆயிலை வெள்ளைப் பேப்பரில் ஒற்றுங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. கரும்பழுப்பும் கருகிய வாடையும் என்றால் அதிகச் சூடு பட்டிருக்கிறது. நம் ஊர் ரோஸ் மில்க் மாதிரி கலங்கிய இளஞ்சிவப்பு, கூடவே நுரை என்றால் கூலண்ட் உள்ளே வந்துவிட்டது. எஞ்சினை உடனே அணையுங்கள்.

6. முன்பக்கக் குழாய்களின் இணைப்புகளைப் பாருங்கள். ஈரமாக, தூசி ஒட்டிப் பிசினாக இருந்தால் மெல்லிய கசிவு நடக்கிறது. ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, அருகில் எக்ஸாஸ்ட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

7. ஒவ்வொரு படியிலும் படம் எடுங்கள். ஒரு படத்தில் ஓடோமீட்டரும் தெரிய வேண்டும்.

இங்கே தவறுவார்கள்

நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. டொயோட்டா உட்படப் பல நிறுவனங்களின் கூலண்ட்டே சிவப்போ இளஞ்சிவப்போதான். ரிசர்வ் டப்பா சிவப்பாக இருப்பதைப் பார்த்துப் பதறி டீலரிடம் ஓடினால் செலவுதான் மிச்சம். தேட வேண்டியது நிறத்தை அல்ல, கலங்கலையும் பிசுக்கையும்.

இரண்டாவது தவறு: கூலண்ட்டில் எண்ணெய் தெரிந்தவுடன் கூலர்தான் என்று சொல்லிவிடுவது. ஹெட் காஸ்கெட் போனாலும், எஞ்சின் ஆயில் கூலர் போனாலும் இதேபோல் எண்ணெய் மிதக்கும். கியர் ஆயிலிலும் கூலண்ட் இருந்தால்தான் சந்தேகம் உறுதியாகும். நிச்சயம் வேண்டுமென்றால் கியர் ஆயில் மாதிரியை ஆயில் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி கிளைக்கால் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். புகாருக்கும் வழக்குக்கும் இந்த ஒரு தாள் பெரிய பலம்.

மூன்றாவது தவறு வண்டி வாங்குகிறவர்களுடையது. அரசின் வாகனப் பாதுகாப்பு இணையதளத்தில் வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைப் போட்டு ரீகால் தேடுவார்கள். "சரிசெய்யப்படாத ரீகால் 0" என்று வரும். நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள். அந்தத் தேடலில் வாரண்டி நீட்டிப்பும் வராது, டீலர்களுக்கு அனுப்பப்படும் சர்வீஸ் புல்லட்டினும் வராது. 2005-2010 பாத்ஃபைண்டரின் ரேடியேட்டர் பற்றி அந்தப் பூஜ்ஜியம் எதுவுமே சொல்லாது. அதே தளத்தில் ஆண்டு, தயாரிப்பு, மாடல் மூன்றையும் போட்டுப் புகார்ப் பட்டியலைத் தனியாகத் திறந்து படிக்க வேண்டும். அதிலும் "பவர் டிரெயின்", "எஞ்சின், எஞ்சின் கூலிங்" ஆகிய இரண்டு பிரிவுகளையும் பாருங்கள். ஒரே கோளாறை ஒருவர் கியர்பாக்ஸில் பதிந்திருப்பார், இன்னொருவர் ரேடியேட்டரில் பதிந்திருப்பார்.

ஓடும்போது தெரியும் அறிகுறிகள்

மிதமான வேகத்தில் சீராகப் போகும்போது, கரடுமுரடான சாலையில் போவதுபோல் வண்டி நடுங்குவது பெரும்பாலும் முதல் அறிகுறி. பிறகு டி-யில் போட்டாலும் ஓரிரு நொடி தாமதித்து இழுக்கும். எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கியர் ஆயில் சூட்டு எச்சரிக்கை எரியலாம், எரியாமலும் போகலாம். எல்லா வண்டியிலும் அந்த விளக்கு கிடையாது. எஞ்சின் சூட்டு முள் நடுவில் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், அது கூலண்ட்டின் சூட்டைத்தான் காட்டும்.

நெடுஞ்சாலையில் இழுவை போய்விட்டால்:

1. ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். ஸ்டியரிங்கும் பிரேக்கும் வேலை செய்யும், எஞ்சினை அணைக்காதீர்கள்.
2. இருக்கும் வேகத்தைக் கொண்டே வலது ஓரத்துக்கு வந்துவிடுங்கள். திரும்ப இழுக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் இடம் லேன் அல்ல.
3. ஓரத்துக்கு வந்ததும் எஞ்சினை அணைத்து, எல்லோரும் வலதுபக்கக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நில்லுங்கள். சாமானை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.
4. லேனிலேயே நின்றுவிட்டால், அல்லது புகை வந்தால், 911.
5. பானட்டுக்கு அடியிலிருந்து புகையோ எண்ணெய் கருகும் வாடையோ வந்தால் பானட்டைத் திறக்காதீர்கள். காற்று புகுந்தால் தீ வளரும்.

குறிப்பு: பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் கைபேசியில் குரல் பதிவாக எல்லாவற்றையும் சொல்லி வையுங்கள். எத்தனை மணி, எந்த சாலை, என்ன வேகம், எந்த லேன், பின்னால் என்ன வண்டி வந்தது. மறுநாள் யோசித்தால் பாதி மறந்திருக்கும்.

கலங்கல் தெரிந்துவிட்டது, இனி?

வண்டியை ஓட்டாதீர்கள். "டீலர் இரண்டு மைல்தானே" என்று ஓட்டிப் போவது கூடாது. அந்த இரண்டு மைலில் கலவை கியர்பாக்ஸ் முழுக்கச் சுற்றிவரும்.

ஃபிளாட்பெட் லாரியைக் கேளுங்கள், நான்கு சக்கரமும் தரையைத் தொடக் கூடாது. இழுவைச் சக்கரம் தரையில் உருள விட்டால், எஞ்சின் ஓடாததால் ஆயில் பம்ப்பும் ஓடாது. இருக்கும் கொஞ்சநஞ்ச உயிரும் போய்விடும்.

ஒர்க்‌ஷாப்பில் வேலை தொடங்க அனுமதி கொடுக்கும் தாளிலேயே "கழற்றிய ரேடியேட்டரையும் பாகங்களையும் எனக்குத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதுங்கள். வாயால் சொன்னது ஷிஃப்ட் மாறும்போது மறந்துபோகும், ரேடியேட்டர் பழைய இரும்புக்குப் போய்விடும். ஒரு சிறு சுத்தமான பாட்டிலில் கியர் ஆயிலையும், இன்னொன்றில் கூலண்ட்டையும் பிடித்து, தேதியும் மைலும் எழுதி மூடி வையுங்கள்.

மெக்கானிக் எழுதும் வார்த்தைகளையும் கவனியுங்கள். பில்லில் "டிரான்ஸ்மிஷன் மாற்றப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அது ஏதோ ஒரு தேய்மானம்போல் தெரியும். "ரேடியேட்டருக்குள் உள்ள கூலர் விரிசல் விட்டதால் கூலண்ட் கலந்து டிரான்ஸ்மிஷன் பழுதானது" என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். அவர் பார்த்தது அதுதான் என்றால் எழுதத் தயங்க மாட்டார்.

புகார் எங்கே, எப்படி

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கீழ் வரும் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1970 முதல் இருக்கிறது. பேச்சில் நிட்ஸா என்பார்கள். இணையதளத்தில் படிவம் நிரப்பலாம், அல்லது 1-888-327-4236 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். வண்டி பழையது, வாரண்டி முடிந்தது, நீங்கள் மூன்றாவது உரிமையாளர் என்பதெல்லாம் தடை இல்லை. கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

நிட்ஸா உங்கள் பணத்தை வாங்கித் தராது. நிறுவனத்தோடு பஞ்சாயத்தும் பேசாது. வரும் புகார்களைச் சேர்த்து வைத்து, ஒரே மாதிரிக் கோளாறு திரும்பத் திரும்ப வருகிறதா, அது பாதுகாப்புக்கு நியாயமற்ற ஆபத்தா என்று பார்க்கும். அப்படித் தோன்றினால் முதற்கட்ட மதிப்பீடு, அடுத்துப் பொறியியல் ஆய்வு, அதன் பிறகு ரீகால் வரை போகலாம். வெறும் தரக்குறைவு, ஆயுள் குறைவு என்று தோன்றினால் அங்கேயே நின்றுவிடும். ஆகவே உங்கள் புகாரைப் படிப்பவர் தேடுவது சாலையில் நடந்ததை, பில் தொகையை அல்ல.

1. வின் எண்ணை எடுங்கள். 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. முன்கண்ணாடியில் ஓட்டுநர் பக்கக் கீழ் மூலையிலும், கதவு நிலையில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் வேறு வண்டியாகிவிடும்.

2. சம்பவம் நடந்த தேதி, அப்போதைய மைல், வேகம் ஆகியவற்றை எழுதுங்கள். பில் போட்ட தேதி வேறு, சம்பவத் தேதி வேறு.

3. பாகம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒன்றோடு நிற்க வேண்டாம். பவர் டிரெயினையும் எஞ்சின் கூலிங்கையும் குறியுங்கள்.

4. விபத்து, தீ, காயம் உண்டா என்ற கேள்விகளுக்கு உண்மையை மட்டும் சொல்லுங்கள். புகை வந்ததைத் தீ என்று எழுதாதீர்கள். ஒரு மிகைப்படுத்தல் கண்டுபிடிக்கப்பட்டால் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

5. விவரணையில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். முதலில் சாலையில் நடந்தது, பிறகு எச்சரிக்கை ஏதும் வந்ததா, பிறகு மெக்கானிக் கண்டது, கடைசியில் பாகங்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன.

6. படங்கள், பில், ஆய்வக அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள்.

7. விவரணைக்குள் பெயர், தொலைபேசி எண், முகவரி, வின் எண் எழுத வேண்டாம். அவற்றுக்குத் தனிக் கட்டங்கள் உண்டு. புகார்கள் பொதுமக்கள் பார்வைக்கு வரும். தனிப்பட்ட விவரங்களை அவர்கள் நீக்குவார்கள் என்றாலும், நீக்க வேண்டியதை நாமே ஏன் எழுத வேண்டும்?

8. உங்கள் விவரத்தை உற்பத்தியாளருடன் பகிரலாமா என்று கேட்பார்கள். சம்மதித்தால் நிறுவனம் உங்களைத் தொடர்புகொள்ள வழி இருக்கும்.

9. அனுப்பியதும் ஒரு பதிவெண் கிடைக்கும். அதைப் படமெடுத்து, வண்டிக் காகிதங்களோடு வையுங்கள்.

இரண்டு மாதிரிகள்

படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்புவீர்கள். இங்கே பொருள் விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன். இரண்டும் மாதிரிக்காக எழுதப்பட்டவை.

வேலைக்கு ஆகாதது:

"இந்தக் கம்பெனி ஏமாற்றுகிறது. டிரான்ஸ்மிஷன் போய்விட்டது. 5,000 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். மேனேஜர் மரியாதையில்லாமல் பேசினார். உடனே ரீகால் செய்யுங்கள்."

கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் இதில் வேகம் இல்லை, சாலை இல்லை, காரணம் இல்லை.

வேலைக்கு ஆவது:

"அக்டோபர் 12, மாலை 5.40. ஆறு லேன் நெடுஞ்சாலையில் நடு லேனில் 65 மைல் வேகம். ஓடோமீட்டர் 92,300. முன்னறிவிப்பு விளக்கு எதுவும் எரியவில்லை. எஞ்சின் வேகம் திடீரென ஏறியது, வண்டி இழுக்கவில்லை. வேகம் சில நொடிகளில் 35-க்கு இறங்கியது. பின்னால் வந்த லாரி கடைசி நொடியில் லேன் மாறியது. வலது ஓரத்துக்கு வந்து நின்றேன். காயம் இல்லை, மோதல் இல்லை. ஃபிளாட்பெட்டில் ஒர்க்‌ஷாப் போனது. கியர் ஆயில் கலங்கிய இளஞ்சிவப்பாக இருந்தது. ரேடியேட்டருக்குள் உள்ள கூலர் விரிசல் விட்டு கூலண்ட் கலந்ததாக மெக்கானிக் எழுதியுள்ளார். ரேடியேட்டரும் ஆயில் மாதிரியும் என்னிடம் உள்ளன, ஆய்வுக்குத் தரத் தயார்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். உடைந்த பாகம் கைவசம் இருக்கும் புகாருக்கு மதிப்பு அதிகம்.

குறிப்பு: வேறொருவர் எழுதிய புகாரை நகலெடுத்து ஒட்டாதீர்கள். ஒரே வாசகம் பத்து இடத்தில் வந்தால் பத்து சம்பவமாகத் தெரியாது, ஒரு சம்பவத்தின் பத்து நகலாகத் தெரியும்.

புகாரோடு நின்றுவிடாமல், விசாரணை தொடங்கச் சொல்லி முறையான மனுவும் கொடுக்கலாம். யாரும் கொடுக்கலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. மனுவை ஏற்பதா மறுப்பதா என்று 120 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. மறுத்தால் காரணத்தை அரசிதழில் வெளியிட வேண்டும். தனி ஆளாகச் செய்வதைவிட, ஒரே கோளாறு உள்ள பலர் சேர்ந்து, சம்பவங்களை அட்டவணையாக்கித் தருவது உசிதம்.

பழுது பார்க்கும்போது

கியர்பாக்ஸை மாற்றிவிட்டுப் பழைய ரேடியேட்டரையே விட்டுவைப்பதை நம்புவது கடினம், ஆனால் நடக்கிறது. புதிய பாக்ஸுக்கும் அதே கூலண்ட் போய்ச் சேரும். ரேடியேட்டரை மாற்றுங்கள். கூலர் குழாய்களை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள், முடியாவிட்டால் அவற்றையும் மாற்றுங்கள். எஞ்சின் பக்கக் கூலண்ட் வழியில் கியர் ஆயில் சேர்ந்திருந்தால் அதையும் கழுவ வேண்டும். எண்ணெய் பட்ட ரப்பர் ஹோஸ்கள் உப்பிவிடும்.

இன்னும் கெடாத வண்டி என்றால், முன்னெச்சரிக்கையாக ரேடியேட்டரை மட்டும் மாற்றுவது கியர்பாக்ஸ் செலவில் சிறு பங்குதான். சிலர் ரேடியேட்டருக்குள் உள்ள கூலரையே விலக்கி, முன்னால் தனிக் காற்றுக் கூலர் பொருத்துகிறார்கள். உட்கசிவுக்கு அங்கே வழியே இல்லை. ஆனால் மினசோட்டா, மிச்சிகன் போன்ற குளிர் மாநிலங்களில் ஆயில் சூடேறத் தாமதமாகும். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் குளிர்காலத்தில் ஆயிலைச் சூடேற்றும் வேலையையும் செய்கிறது. அங்கே இருப்பவர்கள் தெர்மோஸ்டாட் வால்வு உள்ள அமைப்பைக் கேளுங்கள். வாரண்டி இருக்கும் வண்டியில் இந்த மாற்றம் வேண்டாம்.

ஹோஸ் வாங்கும்போது அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலருக்கான எஸ்.ஏ.இ. ஜே1532 தரம் வேண்டும். கடையில் கைக்குக் கிடைத்த ஹோஸை வெட்டி மாட்டினால் சூட்டில் இளகி, கிளாம்ப்பிலிருந்து வழுக்கிக் கழன்றுவிடும். உட்கசிவைத் தவிர்க்கப் போய் வெளிக்கசிவைச் சம்பாதித்த கதையாகும்.

பணத்துக்கான வழி

இதைத் தனியாக, வேறு தாளில் நடத்துங்கள். முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி வழக்கு எண் வாங்குங்கள். வாரண்டி முடிந்திருந்தாலும் நல்லெண்ண அடிப்படையில் ஒரு பங்கு தர முடியுமா என்று கேட்கலாம். டீலரிடமே ஒழுங்காக சர்வீஸ் செய்த ரசீதுகள் இருந்தால் பேச இடமிருக்கும். அந்த வண்டிக்கு சர்வீஸ் புல்லட்டின் உண்டா என்று பாருங்கள். நிறுவனங்கள் அவற்றை நிட்ஸாவுக்கும் கொடுக்க வேண்டும் என்பதால், நீங்களே தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவு, பல நிறுவனங்கள் ஏற்கும் பி.பி.பி. ஆட்டோ லைன் நடுவர் முறை, சிறு வழக்கு நீதிமன்றம் என்று வழிகள் உண்டு. கூட்டு வழக்குச் சமரசக் கடிதம் வந்தால் விளம்பரம் என்று குப்பையில் போடாதீர்கள், விண்ணப்பிக்க அதில் கெடு தேதி இருக்கும்.

ரீகால் வருவதற்கு முன் கைக்காசு போட்டுச் சரிசெய்தவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பின்னால் அதே கோளாறுக்கு ரீகால் அறிவிக்கப்பட்டால், முன்பு செய்த செலவைத் திருப்பித் தர நிறுவனம் ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கு நிபந்தனைகளும் காலவரம்பும் உண்டு. இலவசப் பழுதுக்கும் எல்லை இருக்கிறது: வண்டி முதன்முதலில் விற்கப்பட்டதிலிருந்து 15 ஆண்டு. காரணம் எழுதிய பில், பணம் கட்டிய ரசீது, புகார் பதிவெண் மூன்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். வெப்பக் காகிதத்தில் அச்சடித்த ரசீது ஓரிரு வருஷத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.

பழுது பார்த்த பிறகும் அதே நடுக்கமோ அதே கலங்கலோ திரும்பினால், பழைய புகாரே போதும் என்று இருக்காதீர்கள். புதிய தேதி, புதிய மைலோடு இன்னொரு புகார் எழுதுங்கள். முந்தைய பதிவெண்ணை முதல் வரியில் குறிப்பிட்டு, இடையில் என்ன மாற்றினார்கள் என்பதையும் சேருங்கள்.